அந்தப் 'போல'வைக் கழட்டிட்டா என்ன ஆகும்?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பொண்ணு போன் பண்ணினா. மறுநாள் தமிழ் பரீட்சையாம். "சித்தி, மலர்முகம்னா எது, முகமலர்னா எது, உவமை உருவகம் ரெண்டும் எனக்கு மாறி மாறி வருது, ஏதாவது ஷார்ட்கட் இருந்தா சொல்லுங்க"ன்னு மூச்சு விடாம கேட்டா. நான் படிச்ச காலத்துல எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே ஷார்ட்கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தேன், எதோட ஒப்பிடறோமோ அது முன்னாடி வந்தா உவமை, பின்னாடி போனா உருவகம், அவ்ளோதான், போய் தூங்கு.

அவ விடல. "அது சரி சித்தி, முன்னாடி வந்தா என்ன பின்னாடி வந்தா என்ன, அர்த்தம் ஒன்னுதானே, அப்பறம் எதுக்கு ரெண்டு பேரு?"

எனக்குப் பதில் வரல. இத்தனைக்கும் அணி இலக்கணத்துல நான் மார்க்கே விட்டதில்ல, உவமேயம் உவமானம் உவம உருபுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா எதுக்கு ரெண்டு பேருன்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. காலைல சொல்றேன்னு சமாளிச்சு போனை வச்சேன், அப்பறம் தூக்கம் போச்சு.

அன்னிக்கு ராத்திரியும் அதுக்கப்பறம் ஒரு வாரமும் இதையே நோண்டினதுல எனக்குப் புரிஞ்சதை இங்க எழுதி வைக்கிறேன். இலக்கணப் புலவர்கள் யாராவது படிச்சா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு வாக்கியம். "மேனேஜரோட கோபம் காட்டுத்தீ மாதிரி சட்டுனு பரவும்." இதுல நாலு உருப்படி இருக்கு. எதைப் பத்திப் பேசறோமோ அது கோபம், அதான் உவமேயம். எதோட ஒப்பிடறோமோ அது காட்டுத்தீ, உவமானம். நடுவுல ஒட்டற பசை 'மாதிரி', உவம உருபு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது சட்டுனு பரவுறது, பொதுத்தன்மை. நாலும் இருக்கறதால கேக்கறவனுக்கு வேலையே இல்ல, எல்லாத்தையும் நாமளே ஊட்டி விட்டுட்டோம். இப்ப இதுல ஒவ்வொன்னா கழட்டிப் பாக்கலாம், ரேடியோவைப் பிரிச்சுப் பாக்கற மாதிரி.

பொதுத்தன்மையைக் கழட்டினா "கோபம் காட்டுத்தீ மாதிரி". பரவுறதையா சொல்றோம், எரிக்கறதையா, அணைக்க முடியாததையா? அதை இப்ப கேக்கறவன்தான் முடிவு பண்ணணும். இதுக்கு தொகையுவமைன்னு பேரு, எல்லாத்தையும் விரிச்சுச் சொன்னா விரியுவமை. அடுத்து 'மாதிரி'யையும் கழட்டினா "காட்டுத்தீக் கோபம்", இது உவமைத்தொகை. வார்த்தை குறைஞ்சிருக்கே தவிர இன்னும் இது உவமை வீட்டுக்குள்ளதான் இருக்கு, ஏன்னா இங்க கடைசில நிக்கறது கோபம். தமிழ்ல பேர்ச்சொல் ரெண்டு இப்படி ஒட்டி வந்தா பெரும்பாலும் கடைசில நிக்கறவன்தான் முதலாளி, வினைச்சொல் அவனுக்குத்தான் சேவகம் பண்ணும். "மலர்முகம் சிரிச்சுது"ன்னா சிரிச்சது முகம்தான், மலர் அதுக்கு ஒரு அடைமொழி. இப்ப திருப்பிப் போடுங்க, "முகமலர் வாடுச்சு". முதலாளி மாறிட்டான் பாருங்க. வாடுறது பூவோட வேலை. முகம் பூவாவே ஆயிடுச்சு, அதனால பூவோட வினை எல்லாம் அதுக்கு வந்துருச்சு, இனிமே அந்த முகம் மலரலாம், வாடலாம், உதிரக்கூட செய்யலாம். கோபத்தீன்னு சொன்னதும் அதை மூட்டலாம், விசிறலாம், தண்ணி ஊத்தலாம். காட்டுத்தீக் கோபத்து மேல தண்ணி ஊத்த முடியுமான்னு சொல்லிப் பாருங்க, எங்கயோ இடிக்கும்.

இதான் அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில். எது முன்னாடி எது பின்னாடிங்கறது ஷார்ட்கட் மட்டும் இல்ல, அங்கதான் விஷயமே இருக்கு. இதை யாராவது அன்னிக்கே எனக்குச் சொல்லியிருந்தா மனப்பாடம் பண்ணாமலே மார்க் வாங்கியிருப்பேன்.

சரி, கழட்டறதை நிறுத்த வேண்டாம். உவமை, பொருள் ரெண்டையும் தனித்தனி வாக்கியமா வச்சுட்டு நடுவுல இருக்கற 'அது போல'வை மட்டும் எடுத்துட்டா எடுத்துக்காட்டு உவமை அணி. திருக்குறளோட மொத குறளே அதுதான், எழுத்துக்கெல்லாம் அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். நடுவுல 'போல' இல்லவே இல்ல, நாமதான் பாலம் போட்டுக்கறோம். 151-ஆவது குறளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை", இதுல 'போல' பளிச்னு நிக்குது. வள்ளுவர் ஒரே ஆளுதான், ஒரு எடத்துல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறார், இன்னொரு எடத்துல நீயே தாண்டிக்கன்னு விட்டுடறார்.

இன்னும் ஒரு படி போனா ரொம்ப குறும்பு. பேச வேண்டிய விஷயத்தையே கழட்டி எறிஞ்சுட்டு உவமானத்தை மட்டும் வைக்கறது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." மயில் இறகா இருந்தாலும் அளவுக்கு மீறி ஏத்தினா வண்டியோட அச்சு முறிஞ்சிடும். அவ்ளோதான் குறள், முடிஞ்சுது. எதுக்கு இதைச் சொல்றார்? இது இருக்கற அதிகாரம் வலியறிதல், சின்னச் சின்ன எதிரிதானேன்னு ஒரு ராஜா அசால்ட்டா இருந்தா, அவங்க எல்லாரும் ஒன்னு சேரும்போது முறிஞ்சு போவான்ங்கறதுதான் சங்கதி. ஆனா ராஜாவும் இல்ல எதிரியும் இல்ல, வண்டியும் இறகும்தான் இருக்கு, மிச்சத்தை அதிகாரத் தலைப்பு சொல்லிடுது. இதுக்குப் பேரு பிறிது மொழிதல் அணி, வேற ஒன்னைச் சொல்றதுன்னு அர்த்தம், எவ்ளோ பொருத்தமான பேரு பாருங்க. நம்ம மேனேஜருக்கே வந்தா, ஆபீஸ்ல ஒருத்தன் மெதுவா பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட "காடு பத்திக்கிச்சுன்னா பச்சை மரம் காஞ்ச மரம்னு பாக்காதுப்பா"ன்னு சொல்றான்னு வைங்க. மேனேஜர் பேரும் இல்ல, கோபம்ங்கற வார்த்தையும் இல்ல, மாட்டிக்கவும் மாட்டான்.

பழமொழி பெரும்பாலும் வேலை செய்யறது இப்படித்தான். "யானைக்கும் அடி சறுக்கும்"னு பெரியவங்க யாராவது சொன்னா அங்க யானையைப் பத்தி யாரும் பேசலன்னு அங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும், யாருக்குக் குத்தணுமோ அவருக்குக் குத்தும். குறள்ல அதிகாரத் தலைப்பு பண்ற வேலையை வீட்டுல சூழ்நிலை பண்ணுது.

இதைத் தாண்டியும் ஒரு படி இருக்கு, உள்ளுறை உவமம். நான் ஸ்கூல்ல சுத்தமா புரியாம எழுதினது இதைத்தான். இதுல ஒப்பிடறாங்கன்னே தெரியாது, ஏதோ ஊரை வர்ணிக்கற மாதிரி இருக்கும். குறுந்தொகை எட்டாம் பாட்டு ஒன்னு போதும் இதைப் புரிஞ்சுக்க. தலைவனோட காதல் பரத்தை, அதாவது பொண்டாட்டி இருக்கும்போதே அவன் வெளியில வச்சிருக்கற காதலி, பேசறா. வயல் ஓரத்து மாமரத்துல பழுத்துத் தானா விழற பழத்தை, பொய்கைல இருக்கற வாளை மீன் கவ்விக்குதாம், அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன்னு ஆரம்பிக்கறா. கேட்டா நல்ல வளமான ஊர் போலன்னு தோணும். ஆனா சொல்றது யாருன்னு யோசிச்சுட்டு திரும்பப் படிச்சா, அந்த மீன் மரம் ஏறிப் போய் பழத்தைப் பறிக்கல, பழம்தான் வந்து விழுந்துச்சு. நான் ஒன்னும் அவனைத் தேடிப் போகல, அவனாத்தான் வந்தான். தலைவனோட பொண்டாட்டி தன்னைத் திட்டறாள்னு காதுல விழுந்ததும் வர்ற பதில் இது! ஒரு வார்த்தை கூட சண்டை இல்ல, மாம்பழமும் மீனும்தான்.

இதுல அழகு என்னன்னா அதே பாட்டுக் கடைசில அவளே வெளிப்படையா ஒரு உவமையும் போடறா. எங்க வீட்டுக்கு வந்தா பெரிய பேச்சு பேசறான், அவன் வீட்டுல போய் பாரு, நாம கையைத் தூக்கினா கையைத் தூக்கற, காலைத் தூக்கினா காலைத் தூக்கற கண்ணாடி பிம்பம் மாதிரி பொண்டாட்டி சொன்னதை எல்லாம் செய்யறான்னு. 'ஆடிப்பாவை போல'ன்னு இருக்கு, ஆடின்னா கண்ணாடி. அவனை நக்கல் பண்ணும்போது 'போல' போட்டு எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்றா, தன் விஷயத்தைச் சொல்லும்போது உள்ளுறைக்குள்ள ஒளிச்சு வைக்கறா. எதை ஊட்டி விடணும் எதை மறைச்சு வைக்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, அஞ்சு வருஷம் நோட்ஸ் படிச்ச எனக்குத் தெரியல.

தொல்காப்பியம் இதுக்கு ஒரு ரூல் கூட வச்சிருக்கு, அந்தந்த நிலத்துக் கருப்பொருளை வச்சுத்தான் உள்ளுறை அமைக்கணும், ஆனா தெய்வத்தை மட்டும் விட்டுடணும்னு. மரம், மீன், பறவை எல்லாம் ஓகே, சாமியை இழுக்காத.

தொல்காப்பியம்னதும் ஞாபகம் வருது. அதுல அணின்னு நீளமான பட்டியல் கிடையாது, உவமைக்கு மட்டும் உவமவியல்னு ஒரு தனி இயல். அப்பறம் பன்னிரண்டாம் நூற்றாண்டுல வந்த தண்டியலங்காரம்ங்கற அணி நூல்ல பொருளணி, அதாவது அர்த்தத்தை வச்சு வர்ற அணி, மட்டுமே 35, அதுக்கப்பறம் வந்த மாறனலங்காரம்ங்கற நூல்ல 64. என் அபிப்பிராயம் கேட்டா, மொதல்ல உவமையை ஒழுங்கா புடிச்சுட்டா மிச்சத்துல பாதி அதுலேருந்து கழட்டி மாட்டினதுதான், 64 பேரைப் பாத்து பயந்துக்க வேண்டாம்.

உவமவியலோட மொத சூத்திரமே கைல எடுத்துக்கற மாதிரி ஒரு டூல். வினை, பயன், மெய், உரு, இந்த நாலுல ஏதோ ஒன்னுலதான் உவமை தோணும்னு சொல்லுது. வினைன்னா செய்யற செயல், புலி மாதிரி பாஞ்சான். பயன்னா கெடைக்கற பலன், மழை மாதிரி குடுக்கற கை. மெய்ன்னா வடிவம், உடுக்கை மாதிரி இடுப்பு. உருன்னா நிறம், பவளம் மாதிரி வாய். யாராவது எழுதின உவமை ஒட்டலன்னு தோணினா இந்த நாலுல எதுல நிக்குதுன்னு கேட்டுப் பாக்கறேன் இப்பல்லாம், பாதி நேரம் எதுலயும் நிக்காது, சும்மா அழகா இருக்கேன்னு போட்டிருப்பாங்க (நானும்தான்).

சங்கக் கவிஞர்கள்ல சில பேருக்கு அவங்க எழுதின உவமையே பேராயிடுச்சு, சொந்தப் பேர் காணாமப் போச்சு. செம்மண்ல பெஞ்ச மழைத் தண்ணி மாதிரி நெஞ்சு ரெண்டும் கலந்துச்சுன்னு எழுதினவர் செம்புலப்பெயல்நீரார், அவரை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவரை விட ஓரேருழவனாரைப் புடிக்கும். ஈரம் காயறதுக்குள்ள உழுதாகணும், கைல இருக்கறது ஒரே ஒரு ஏர், அந்த உழவனோட பதட்டத்தை, காதலியைப் பாக்கத் தவிக்கற ஒருத்தன் மனசுக்கு வச்சாரு. தேய்புரிப் பழங்கயிற்றினார் இன்னொருத்தர், ரெண்டு பக்கமும் யானை இழுக்கற தேஞ்சு போன பழைய கயிறு மாதிரி என் உடம்பு ஆகிடுமோங்கறார், ஒரு பக்கம் மனசு திரும்பிப் போகச் சொல்லுது, இன்னொரு பக்கம் அறிவு எடுத்த வேலையை முடிக்கச் சொல்லுது. குப்பைக்கோழியார்னு கூட ஒருத்தர் இருக்கார்! குப்பைமேட்டுல ரெண்டு கோழி தானா சண்டை போடுது, மூட்டி விடவும் ஆள் இல்ல விலக்கி விடவும் ஆள் இல்ல, என் நோயும் அப்படித்தான், களையறதுக்கு ஆள் இல்லன்னு. உவமைன்னா உயர்ந்ததை வச்சுச் சொல்லணும்னு அதே உவமவியல்ல ஒரு சூத்திரம் இருக்கு, குப்பைமேட்டுக் கோழி அதுல எப்படிப் பாஸ் ஆச்சுன்னு தெரியல, ஆனா ஆச்சு.

இந்தக் கழட்டற விளையாட்டுக்குள்ள அடங்காத சங்கதிகளும் இருக்கு. தற்குறிப்பேற்ற அணியை எல்லாரும் பெர்சானிஃபிகேஷன்னு மொழிபெயர்த்துடறாங்க, அது எனக்கு ஒத்துக்கல. காத்து பாடுதுன்னா அது வெறுமனே மனுஷத்தனம் ஏத்தினது. தற்குறிப்பேற்றத்துக்கு ரெண்டு வேணும், இயல்பா நடக்கற ஒரு சம்பவம், அதுக்கு எழுதறவன் தன் இஷ்டத்துக்கு ஏத்தற ஒரு காரணம். சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள்ள நுழையப் போற நேரம், மதில் மேல கொடி காத்துல ஆடுது. இளங்கோ என்ன சொல்றார், வராதீங்க வராதீங்கன்னு கை காட்டி மறிச்சுதாம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வையை ஆறு, கண்ணகிக்கு நடக்கப் போறது முன்கூட்டியே தெரிஞ்சவ மாதிரி பூவை ஆடையா போத்திக்கிட்டு கண்ணுல நெறஞ்ச தண்ணியை மறைச்சுக்கிட்டாளாம். பூ மெதக்கற ஆறு, காத்துல ஆடற கொடி, ரெண்டும் தினமும் நடக்கறதுதான். ஆனா படிக்கற நமக்கு கதை தெரியும், அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, அந்த இடைவெளிலதான் இந்த அணி வயித்தைப் பிசையுது. இதே அணியை நாமளும் தெனம் யூஸ் பண்றோம், "நான் சேவ் பண்ணலன்னு தெரிஞ்சுக்கிட்டே இந்தக் கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது"ன்னு சொல்றோமே, அது அக்மார்க் தற்குறிப்பேற்றம்.

வஞ்சப்புகழ்ச்சியும் அப்படித்தான், தெரிஞ்சே பண்றது. "தேவர் அனையர் கயவர்"னு ஆரம்பிக்கறார் வள்ளுவர், கயவங்க எல்லாம் தேவர்கள் மாதிரியாம். அடடேன்னு நிமிர்ந்தா, அவங்களும் நெனச்சதை எல்லாம் செஞ்சுக்கிட்டுத் திரியறாங்களேன்னு முடிக்கறார். காரணம் பின்னாடி வர்றதாலதான் அடி விழுது, முன்னாடி சொல்லியிருந்தா சப்புனு போயிருக்கும். ஔவையார் இதுல டபுள் வேலை பாத்திருக்காங்க, தொண்டைமான்ங்கற ராஜாவோட ஆயுதக் கிடங்கைப் பாத்துட்டு, ஆஹா உங்க ஆயுதம் எல்லாம் மாலை போட்டு நெய் பூசி காவலோட பளபளன்னு இருக்கு, எங்க அதியமானோடது பாவம் குத்திக் குத்தி முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குதுன்னாங்க. புகழ்ற மாதிரி ஒருத்தரைத் திட்டி, குறை சொல்ற மாதிரி இன்னொருத்தரைப் புகழ்ந்து, ஒரே பாட்டுல ரெண்டும் முடிஞ்சுது. நாம இப்ப சாட்ல நக்கல் பண்ணிட்டு அது நக்கல்தான்னு புரியணுமேன்னு சிரிக்கற எமோஜி ஒன்னு போட வேண்டியிருக்கு.

சிலேடை பத்தி நெறைய எழுதலாம், ஆனா காளமேகத்தோட ஒரு வார்த்தை போதும். பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தற மாதிரி அவர் பாடின வெண்பால "பிண்ணாக்கும் உண்டாம்"னு வரும். எள்ளை ஆட்டினா மிஞ்சறது பிண்ணாக்கு, பாம்புக்குன்னு வந்தா பிளந்த நாக்கு. வார்த்தையைப் பிரிச்சா வேற அர்த்தம் வர்றதால பிரிமொழிச் சிலேடை. வேற எந்த மொழிக்கும் இதைக் கொண்டு போகவே முடியாது, பாவம் மொழிபெயர்ப்பாளர்கள்.

ஆகுபெயர் தெனம் வாய்ல வர்றது. "ஊரே சிரிக்குது"ன்னா சிரிக்கறது ஊர்ல இருக்கற ஜனங்க, "ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வா"ன்னா வாங்கறது லிட்டரை இல்ல, "வள்ளுவரைப் படிச்சேன்"னா அவர் எழுதினதை. இங்க ஒப்பீடே கெடையாது, பக்கத்துல இருக்கறதோட பேரை எடுத்து இதுக்கு வச்சுக்கறோம், உருவகத்தோட இதைக் குழப்பிக்காம இருக்க அது ஒன்னு போதும். (உவமையாகுபெயர்னு ஒன்னு இருக்கே அதுல ஒப்பீடு இருக்கேன்னு கேக்காதீங்க, இருக்கு, காளை வந்தான்னு சொல்றது, இலக்கணம்னா நாலு விதிவிலக்கு இருக்கத்தான் செய்யும்.)

இந்தக் காலத்து விமர்சனத்துல படிமம், குறியீடு, தொன்மம், இருண்மைன்னு வேற ஒரு கூட்டம் வருது. அதுல படிமத்தைத்தான் பாவம் போட்டுத் துவைக்கறாங்க, கவிதைல ஒரு மரம் நின்னா படிமம், ஒரு காக்கா உக்காந்தா படிமம். கண்ணு முன்னாடி காட்சியா நிக்கறது படிமம், அது தன்னைத் தாண்டி வேற ஒன்னுக்காகவும் நிக்க ஆரம்பிச்சா குறியீடு, அவ்ளோதான் நான் வச்சிருக்கற கணக்கு. மரம் சும்மா மரமாவும் இருக்கலாம்ங்க.

அக்கா பொண்ணுக்கு இதெல்லாம் பரீட்சை முடிஞ்ச அப்பறம்தான் சொன்னேன். முதலாளி மாறற கதையையும் மாம்பழம் மீன் கதையையும் கேட்டுட்டு "சித்தி, இது சண்டை போடறதுக்கு நல்லா யூஸ் ஆகுமே"ன்னா. நேத்து சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. கணக்கு பேப்பர் திருத்திக் குடுத்துட்டாங்களாம், மார்க்கைப் பாத்துட்டு அக்கா ஒன்னுமே திட்டலயாம், பேப்பரை மடிச்சு வச்சுட்டு "விளையும் பயிர் முளையிலேயே தெரியும்"னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டாளாம். "இது பிறிது மொழிதலா, வஞ்சப்புகழ்ச்சியா சித்தி?"

ரெண்டும்தான்னு ரிப்ளை போட்டேன்.